சனிக்கிழமை மேசை: ஏமாந்தவருக்குத் துணையிருந்து முறைப்பாடு எழுதுவது எப்படி

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எங்கள் மாதர் சங்கக் கட்டிடத்தின் விறாந்தையில் சனிக்கிழமை காலையில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். கோடு போட்ட தாள் ஒரு கட்டு, நீலப் பேனை இரண்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டி, போன வருடக் கலண்டரும் இந்த வருடக் கலண்டரும். மேசையில் இருப்பது இவ்வளவுதான்.

உப தபாலகத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அங்கே இருந்த காலத்திலேயே ஆட்கள் கவுண்டருக்கு வெளியே நின்று, "இந்தக் கடுதாசியில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு கா" என்று நீட்டுவார்கள். வங்கிக் கடிதம், லீசிங் கடிதம், மின்சார சபைச் சிவப்பு அறிவித்தல். வாசித்துச் சொல்வேன். "மறுகா என்ன செய்யிற?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்காது. ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த மேசை வந்தது.

இதைச் செய்ய விரும்பும் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். சட்டப் படிப்பு வேண்டாம். தெளிவான கையெழுத்து, நாள் கணக்கு வைக்கிற பழக்கம், ஒரு ஆள் கதையைச் சுற்றிச் சுற்றிச் சொல்லும்போது குறுக்கே விழாமல் கேட்கிற பொறுமை, இவை போதும். மூன்றாவதுதான் கஷ்டம்.

பையைத் திறக்கும் நேரம்

ஒரு மாமியின் கதையைச் சொல்கிறேன். கணவர் இல்லை. ஐஸ் பக்கட்டும் தயிரும் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். தவணைக்கு எடுத்த பிரிட்ஜ் நாலாம் மாதம் குளிர்வதை நிறுத்திவிட்டது. கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கரண்ட் கூடிக் குறைஞ்சதால போயிருக்கு, வாரண்டிக்குள்ள வராது" என்று சொல்லிப் போய்விட்டார். தவணைக் காசு மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

மாமி ஒரு சொப்பிங் பேக்கை மேசையில் கவிழ்த்தார். கிளினிக் கொப்பி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அரச நிவாரணமான அஸ்வெசும பற்றிய கடிதம், கோயில் அரிச்சனைச் சீட்டு, இவற்றுக்கு நடுவே வெள்ளைத் தாள் துண்டு ஒன்று. அதுதான் கடைப் பில். எழுத்து முழுக்க மங்கிப் போயிருந்தது. வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது தேதியின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

இப்போது கடைகளில் தருகிற பளபளப்பான பில் மையால் அச்சடிப்பதல்ல. சூட்டில் நிறம் மாறும் தாள் அது. நம் ஊர் வெக்கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் கிடந்தால் சில மாதத்தில் எழுத்துப் போய்விடும். ஆகவே யாராவது புதுப் பொருள் வாங்கியதாகச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "பில்லைப் போட்டோக் கொப்பி எடுத்தாச்சா?" என்பதுதான். இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ போகட்டும். அந்தக் கொப்பிதான் பிறகு பேசும்.

பில் போனால் எல்லாம் போனதென்று நினைக்க வேண்டாம். மாமியிடம் தவணைக் காட் இருந்தது. அதில் கணக்கு இலக்கமும் முதல் கட்டுக்காசு கட்டிய தேதியும் கடை முத்திரையோடு இருந்தன. பிரிட்ஜின் பின்பக்கத்தில் மாடல் இலக்கமும் தொடர் இலக்கமும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மகளை அனுப்பி அதைப் போனில் படம் எடுப்பித்தோம். வங்கியில் காசு மாற்றிய குறுஞ்செய்தி, பெட்டியின் அட்டை, கொண்டுவந்து இறக்கிய லொறிக்காரரின் சீட்டு, எதுவும் சாட்சிதான். முகநூலில் பார்த்துப் பொருள் எடுத்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பார்சல் உறையைக் கிழித்து அடுப்பில் போடாதீர்கள். அனுப்பியவரின் முகவரி இருக்கிற ஒரே இடம் சில நேரம் அதுதான். விளம்பரத்தையும் பேசிய செய்திகளையும் அன்றைக்கே போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கு இருக்காது.

இன்னொன்று. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இதை நம் ஆட்களில் நிறையப் பேர் அறிய மாட்டார்கள். பில் கேட்பது கடைக்காரரை நம்பாதது போலாகிவிடும் என்று கூச்சப்படுகிறார்கள்.

நாளைக் கண்டுபிடிப்பது

மாமியிடம் "எப்போது பழுதானது?" என்று கேட்டேன். "அது ஒரு நாள்" என்றார். நம் ஊரில் யாரும் மாதத்தையும் தேதியையும் வைத்து நினைவு வைப்பதில்லை. அதனால் வேறு மாதிரிக் கேட்க வேண்டும். "தான்தோன்றீஸ்வரர் தேருக்கு முந்தியா, பிந்தியா?" "தேருக்கு ஐஸ் பக்கட் விக்க வெச்சிருந்தன், அவ்வளவும் உருகிப் போச்சு." சரி, கலண்டரில் தேர் நாளைப் பார்த்து, அதற்கு முந்தின நாள் என்று குறித்தோம். கடைக்காரர் வந்து பார்த்தது சம்பளத்துக்கு வயல் வேலைக்குப் போய் வந்த அடுத்த நாள். அதைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் கேட்டு உறுதி செய்தோம். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி, நோன்புப் பெருநாள், பள்ளிக்கூட லீவு, மழை வெள்ளம், இவைதான் நம் மக்களின் நாட்குறிப்பு. மேசையில் இரண்டு கலண்டர் வைத்திருப்பது இதற்குத்தான்.

இப்படிக் கேட்டு ஒரு தாளில் இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். யார் வந்தார், பெயர் தெரியாவிட்டால் என்ன சட்டை போட்டிருந்தார், என்ன சொன்னார். "கொழும்புக்கு அனுப்பியிருக்கு, அடுத்த கிழமை வரும்" என்று போனில் சொன்னது எத்தனை தரம், எந்தெந்த நாள்.

அந்த "அடுத்த கிழமை" பற்றி நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நுகர்வோர் முறைப்பாடுகளை விசாரிக்கும் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட மூன்று மாதம் என்று சட்டம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. உத்தரவாதம் இல்லாத பொருள் என்றால் வாங்கிய நாளிலிருந்தும், உத்தரவாதம் உள்ள பொருள் என்றால் பழுது தெரிந்த நாளிலிருந்தும் எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒரு ஐயா போனுக்காக என்னிடம் வந்தார். கடைக்காரர் நல்லவராக, மரியாதையாக, ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை என்று சொல்லியே நாலரை மாதத்தைத் தள்ளிவிட்டார். ஐயாவுக்கு அவரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. வாய்ப்பேச்சு நடக்கட்டும், நாம் தடுக்க வேண்டாம். ஆனால் கடிதம் பக்கத்தில் தனியாக நடந்துகொண்டிருக்க வேண்டும்.

என்ன வேண்டும் என்று அவரைக் கேளுங்கள்

தொடங்கின காலத்தில் நான் விட்ட பிழை ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறது. ஒரு அம்மம்மாவுக்கு ஊர்க் கடையில் திகதி முடிந்த பால்மா பக்கட்டைக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே கடைக்குப் போய் நாலு பேருக்கு முன்னால் சத்தம் போட்டேன். பக்கட்டை மாற்றித் தந்தார்கள். ஆனால் அம்மம்மா மாதம் முழுக்க அரிசி, சீனி, தேயிலை எடுப்பது அந்தக் கடையின் கடன் கொப்பியில்தான். அடுத்த கிழமை அந்தக் கொப்பியில் அவர் பக்கம் மூடப்பட்டுவிட்டது. வெயிலில் தூரத்துக் கடைக்கு நடந்து போக வேண்டியதாயிற்று. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீ எனக்காகத்தானே மகள் பேசினாய்" என்றார். அவர் கேட்டது பக்கட்டை மாற்றித் தரச் சொல்லி மட்டும்தான். சண்டை என்னுடையது.

அதற்குப் பிறகு, கடிதம் எழுதத் தொடங்குமுன் மூன்று கேள்வி கேட்கிறேன். உங்களுக்கு என்ன கிடைத்தால் போதும்: காசா, மாற்றுப் பொருளா, திருத்தித் தருவதா, மன்னிப்பா? இந்தக் கடைக்காரரிடம் நாளைக்கும் போக வேண்டிய தேவை இருக்கிறதா? இது வீட்டில் யாருக்குத் தெரியும்?

மூன்றாவது கேள்வியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். கணவருக்குத் தெரியாமல் குழுக்கடன் (குழுவாகச் சேர்ந்து எடுக்கிற சிறு கடன்) எடுத்த பெண்கள் நிறையப் பேர். நீங்கள் நல்லெண்ணத்தோடு வீட்டுக்குப் போன் எடுத்து, "அக்கா இருக்கிறாவா? அந்தக் கடன் விஷயமா..." என்று சொல்லிவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று கேட்டு எழுதி வையுங்கள். வேறு யாரும் எடுத்தால் "தபாலகத்தில் வேலை செய்த அக்கா, சும்மா எடுத்தேன்" என்று வைத்துவிடுங்கள்.

கடிதம்

கடிதத்தை முதலில் கடைக்கு எழுதுங்கள். அதிகார சபையும், கடன் விஷயம் என்றால் மத்திய வங்கியும் கேட்கும் முதல் கேள்வி, "நிறுவனத்துக்கு அறிவித்தீர்களா?" என்பதுதான். மாமிக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"முகாமையாளர் அவர்களுக்கு. கணக்கு இலக்கம் இன்னது, இன்ன தேதியில் உங்கள் கிளையில் தவணை முறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். மாடலும் தொடர் இலக்கமும் கீழே உள்ளன. இன்ன தேதியில் அது குளிர்வதை நிறுத்தியது. இன்ன தேதியில் உங்கள் ஊழியர் வந்து பார்த்து, மின்சார ஏற்ற இறக்கத்தால் பழுதானது என்று வாயால் சொன்னார். எழுத்தில் அறிக்கை எதுவும் தரவில்லை. வீட்டில் வேறு எந்த மின்பொருளும் அந்நாளில் பழுதாகவில்லை. இன்றுவரை தவணைகளைத் தவறாமல் கட்டியுள்ளேன். பெட்டியை இலவசமாகத் திருத்தித் தருமாறும், முடியாவிட்டால் மாற்றித் தருமாறும் கேட்கிறேன். உத்தரவாதத்தில் அடங்காது என்றால் அதற்கான காரணத்தைத் தொழில்நுட்ப அறிக்கையோடு எழுத்தில் தரவும். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "ஏழை விதவை", "கண்ணீரோடு", "ஏமாற்றுக்காரர்" இவை ஒன்றும் வேண்டாம். கண்ணீர் உண்மைதான். ஆனால் அதை வாசிக்கிற உத்தியோகத்தருக்குத் தேதியும் இலக்கமும்தான் வேலை செய்ய உதவும். திட்டுகிற சொல் ஒன்று இருந்தால் கடைக்காரர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரிட்ஜை மறந்துவிடுவார். "வேறு எந்த மின்பொருளும் பழுதாகவில்லை" என்ற வரியைக் கவனியுங்கள். மாமி அதைப் பேச்சோடு பேச்சாக, "டிவியும் லைட்டும் நல்லாத்தான் எரிஞ்சது" என்று சொன்னார். முழுக் கடிதத்திலும் கனமான வரி அதுதான். பொறுமையாகக் கேட்டிருக்காவிட்டால் அது கடிதத்துக்கு வந்திருக்காது.

எழுதியதை இரண்டு தரம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முதல் தரம் அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். இரண்டாம் தரம்தான், "இல்ல மகள், அவர் வந்தது காலையில" என்று திருத்துவார். கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் இடது பெருவிரலை வைக்கட்டும். பக்கத்தில் சாட்சியாக உங்கள் பெயரும், கடிதத்தை வாசித்துக் காட்டிய பிறகே வைத்தார் என்ற வரியும் போடுங்கள். "உங்களுக்காக நானே கையெழுத்து வைக்கிறேன்" என்று ஒருபோதும் செய்யாதீர்கள்.

நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். நேரே தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள். அந்தச் சின்னப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் மேல் மூலையில் பின் குத்தி வையுங்கள். எத்தனையோ ஆயிரம் சீட்டு என் கையால் கொடுத்திருக்கிறேன். அதைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனவர்களை இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கும்.

கடைக்குப் போகும்போது முதலாளியை முதலாளி என்றே கூப்பிடுங்கள். காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்க் கடை என்றால் "நானா" (அண்ணா) என்று தொடங்கினால் பேச்சு நன்றாகப் போகும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் வாங்குபவர் ஒரு சமூகம், விற்பவர் இன்னொரு சமூகம் என்பது அன்றாடம். பழுதான பிரிட்ஜ் பழுதான பிரிட்ஜாகவே இருக்க வேண்டும். "அவங்கட ஆக்கள் இப்படித்தான்" என்று மேசையைச் சுற்றி யாராவது தொடங்கினால் நான் பேனையை மூடிவிடுவேன். காத்தான்குடியில் ஒரு சகோதரி இதே மாதிரி உதவுகிறார். அந்தப் பக்கத்துக் கடை விஷயம் என்றால் அவருக்கு எடுப்பேன், நம் பக்கத்துக் கடை விஷயம் என்றால் அவர் எனக்கு எடுப்பார். பாதிப் பிரச்சினை அப்படியே தீர்ந்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது

பொருளும் சேவையும் பற்றியது, விலை கூட்டி விற்பது, திகதி முடிந்த சாமான், உத்தரவாதத்தை மதிக்காதது எல்லாம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். மாவட்டத்துக்கான அலுவலகம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது. குறித்த விலைக்கு மேலே விற்றதற்குப் போன் போதும். பழுதான பொருளுக்குக் கடிதம் வேண்டும். அவர்கள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து, நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பு என்று உத்தரவிட அதிகாரம் உள்ளவர்கள். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பழுதான பொருள் பற்றி முறையிடுவதை அந்த வரி தடுக்காது.

ரீலோட் போட்டதும் காசு தானாகக் குறைகிறதா? முதலில் போனைப் பாருங்கள். வயதானவர்களின் போனில் பாட்டுச் சேவை, சோதிடச் சேவை, செய்திச் சேவை என்று தெரியாமல் அழுத்திப் பதிவாகியிருக்கும். கம்பெனி இலக்கத்துக்கு எடுத்து நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே நிற்கும். நிற்காவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, இலக்கம் 1900. மின்சாரப் பில் என்றால் முதலில் மின்மானியில் உள்ள இலக்கத்தையும் பில்லில் எழுதிய இலக்கத்தையும் ஒப்பிட்டு, மின்மானியைப் படம் எடுங்கள். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். மின்சாரம் தருகிற நிறுவனத்தில் தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் மேசைக்கு வருவதில் மனம் உடைய வைப்பது இதுதான். வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் குழுக்கடன் எடுக்காத வீடு தேட வேண்டும். கோழி வளர்க்க எடுத்த கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. கிழமைக்கு ஒருநாள் அறவிட வருகிறவர் காசு கிடைக்கும்வரை முற்றத்திலேயே இருப்பார். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் அக்கம்பக்கமே பகையாகிவிடும்.

முதல் வேலை, கடன் ஒப்பந்தத்தின் பிரதியும் கட்டிய கணக்கும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்பது. நிறையப் பேரிடம் ஒப்பந்தமே இருக்காது. சின்னக் கொப்பியில் கையெழுத்துகள் மட்டும் இருக்கும். எடுத்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்கிறார்கள், இவை மூன்றையும் ஒரே தாளில் எழுதி அவருக்கே காட்டுங்கள். கூட்டிப் பார்த்து வாயில் கை வைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, அந்தக் கம்பெனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பார்ப்பது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பெற்றதென்றால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு, இலக்கம் 1935, அல்லது நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்குப் போகலாம். இரண்டுக்கும் காசு கட்டத் தேவையில்லை. அனுமதியில்லாதவரிடம் எடுத்த கடன், அடி மிரட்டல், பகிரங்க அவமானம், வாகனத்தை இழுத்துக்கொண்டு போனது, வழக்கு அழைப்பாணை வந்தது, இவை நம் மேசைக்கு மேலான விஷயம். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி உதவி இலவசம். மிரட்டல் என்றால் அன்றைக்கே பொலிஸ்.

"கட்டாதே" என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லாதீர்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது, எல்லாக் கடனும் போய்விட்டதென்று யாரோ சொன்னதை நம்பிக் கட்டாமல் விட்டவர்கள் உண்டு. அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்த வாய்ச்சொல்லைச் சொன்னவர் வந்து நிற்கவில்லை.

தனியாளுக்கும் தனியாளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல், மேசன் பாஸ் (கொத்தனார்) முற்பணம் வாங்கிவிட்டு வராதது, தையற்காரி துணியைக் கெடுத்தது போன்றவற்றுக்கு மத்தியஸ்த சபை நல்ல இடம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. பெரும்பாலும் சனி ஞாயிறுகளில் கூடும். சட்டத்தரணி தேவையில்லை, நம் மொழியிலேயே பேசலாம். ஊரில் முகம் பார்த்துப் பேச வேண்டிய விஷயங்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

விசாரணை நாள்

மாமியின் கடைக்கு 14 நாள் கொடுத்தோம். பதினாறாம் நாள் போனில், "பார்க்கிறோம்" என்றார்கள். அன்றைக்கே அதிகார சபைக்கான கடிதம் போய்விட்டது. எல்லாவற்றின் கொப்பியும் வரிசைப்படி இணைத்து, மேலே ஒரு தாளில் என்னென்ன இணைத்திருக்கிறோம் என்று எழுதி அனுப்பினோம். மூலப் பிரதி ஒன்றையும் அனுப்பவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டால் முதல் நாளே ஒத்திகை பாருங்கள். பொய் சொல்லப் பழக்குவதல்ல இது. மேசைக்கு அப்பால் உட்கார்ந்து நீங்கள் கேளுங்கள், அவர் தன் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். மாமிக்கு முதல் தரம் இருபது நிமிடம் எடுத்தது. கணவர் இறந்ததிலிருந்து தொடங்கினார். மூன்றாம் தரம் பிரிட்ஜிலிருந்து தொடங்கினார். பஸ் காசு, சாப்பாடு, அன்றைய வியாபார நட்டம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது, இவற்றையும் முதல் நாளே பேசி முடியுங்கள். எத்தனையோ முறைப்பாடு சட்டத்தால் தோற்காமல் பஸ்ஸால் தோற்றிருக்கிறது.

உள்ளே போனதும் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், முன்னால் அல்ல. உத்தியோகத்தர் உங்களைப் பார்த்துக் கேட்டால், "மாமியிடமே கேளுங்கள் சேர்" என்று சொல்லுங்கள். அவர் தடுமாறினால் தேதித் தாளை அவர் பக்கம் தள்ளி விரலை வையுங்கள். கடிதங்கள் சிங்களத்தில் வந்தால் தமிழில் தரும்படி அரச அலுவலகத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. கம்பெனி ஒப்பந்தங்களோ ஆங்கிலத்தில்தான் வரும். விளங்காத தாளில் அங்கேயே கையெழுத்துக் கேட்டால், "வாசிப்பித்துவிட்டு வைக்கிறேன்" என்று சொல்ல அவருக்கு முன்கூட்டியே பழக்குங்கள். "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்கிற வரி எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மாமிக்கு வேறு பிரிட்ஜ் தந்தார்கள். உருகிய ஐஸ் பக்கட்டுக்கும் புளித்த தயிருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் கேட்டிருக்கலாமா என்று மாமி கேட்டார். முதல் கடிதத்திலேயே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், என்னிடம்தான் தவறு என்று சொன்னேன். இப்போது தொழில் செய்கிறவர் யார் வந்தாலும், நாளொன்றுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் முதல் தாளிலேயே எழுதிக்கொள்கிறேன்.

நீங்கள் தொடக் கூடாதவை

காசு வாங்க வேண்டாம், வெற்றி கிடைத்த பிறகு கொண்டுவரும் கோழியையும் வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம் என்றால் அங்கேயே எல்லோருக்கும் பிரித்துவிடுவேன், மறுத்தால் மனம் நோவார்கள். அடையாள அட்டையின் மூலப் பிரதி, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். காட் எதையும் உங்கள் வீட்டில் ஒரு இரவுகூட வைக்காதீர்கள். ரகசிய இலக்கம் காதில் விழுந்தால், உடனே மாற்றச் சொல்லுங்கள். வங்கிக்குப் போன் எடுக்க வேண்டியிருந்தால் அவரே எடுக்கட்டும், ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். தனியாகப் பெண்களின் வீட்டுக்குப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். கேட்ட கதையைத் தண்ணீர்க் குழாயடியில் சொல்லாதீர்கள். ஒருவர் கடன் விஷயம் வெளியே போனால் அடுத்த சனிக்கிழமை உங்கள் மேசை வெறுமையாக இருக்கும்.

விஷயம் முடிந்ததும் எல்லாத் தாளையும் ஒரு பைலில் தேதிப்படி கோத்து அவர் கையிலேயே கொடுக்கிறேன், பழைய சொப்பிங் பேக்குக்குப் பதிலாக. புது பில்லின் கொப்பி மேலே இருக்கும். அப்புறம் என் போனை எடுத்து, அவருடைய அடையாள அட்டைப் படம், கடன் கொப்பிப் படம், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக அழிக்கிறேன். மாமி அன்றைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிரிட்ஜின் பின்பக்கப் படம் கடைசியாக இருந்தது. "அது கிடக்கட்டும் மகள்" என்றார். புது பிரிட்ஜின் இலக்கத்தைப் பைலின் உள் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு அதையும் அழித்தேன்.